தோட்டம் கத்திய பருவம்

மூன்றாம் தெரு சண்முகவடிவு வீட்டுக் கத்திரிச்செடி முதன்முதலாகப் பூனைக் குரலில் கத்திய அன்று, தெருவில் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. தண்ணீர் வருமா வராதா என்று குழாயடியில் குடத்தோடு காத்துக்கிடந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலைகள் இருந்தன. தவிரவும், வடிவுக்கும் பக்கத்து வீட்டு ஞானப்பூவுக்கும் பூனையை வைத்து நடந்த சண்டையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன தெரு அது. மனிதர்கள் கத்தி ஓய்ந்ததும் செடிகள் ஆரம்பித்துவிட்டன போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவரவர் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள்.

பாளையங்கோட்டை முடிந்து வயல்காடு ஆரம்பிக்கும் இடத்தில் இருந்த அந்தக் குடியிருப்பில் வடிவு வீடு கட்டி வந்தபோது வீட்டைச் சுற்றி மண்ணே இல்லை, உடைந்த செங்கலும் சிமெண்டுக் கட்டியும் கம்பித் துண்டுகளும்தான் இருந்தன. அவள் கணவன் கோமதிநாயகம் கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தர். காலையில் போனால் பொழுதடைந்துதான் வருவார். அவர் வருவதற்குள் வடிவு ஒரு கூடை கல்லைப் பொறுக்கி வெளியே கொட்டிவிட்டு, ஒரு கூடை வண்டல் மண்ணைக் கொண்டுவந்து போட்டு, கையாலேயே சலித்து, சாணியும் சாம்பலும் கலந்து, மறுநாளும் அதையே செய்து, அதற்கு அடுத்த நாளும் அதையே செய்து, மகள் பள்ளிக்கூடம் போய்க் கல்லூரி போய்க் கல்யாணமாகிப் பூனாவுக்குப் போகும் காலம் வரைக்கும் செய்து, கடைசியில் விரலை விட்டால் முழங்கை வரை இறங்குகிற ஒரு தோட்டத்தை உண்டாக்கியிருந்தாள். கத்திரியும் வெண்டையும் கீரைப் பாத்திகளும், மதிலோரமாகப் புடலைப் பந்தலும் இருந்தன. அந்த மண்ணைத்தான் ஞானப்பூவின் பூனைக்குப் பிடித்துப்போயிற்று. கொத்திப் பொலபொலவென்று தூவி வைத்த ஈரமண் என்றால் பூனைக்குக் கொள்ளைப் பிரியம். தோண்டும், குத்தவைத்து உட்காரும், காரியம் முடிந்ததும் ஒரு கை மண்ணை நாகரிகமாகத் தள்ளி மூடிவிட்டு மதிலேறிப் போய்விடும். விதைத்த விதை எங்கே போயிற்று என்று அதற்கென்ன கவலை.

அந்தப் பூனைக்குத் தாழை என்று பேர். ஞானப்பூவின் கணவர் தானியேல் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எங்கெங்கே நிற்கும், எந்த இடத்தில் நிற்காது என்று ஒலிபெருக்கியில் அவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஊரே பயணம் போய் வந்துகொண்டிருந்தது. காய்கறிக் கடையில் அவர் வாயைத் திறந்து வெங்காயம் கேட்டால், நாலு பேர் தம்மையறியாமல் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். தாழையூத்து வண்டியின் சீட்டுக்கடியில் கிடந்த குட்டி என்பதால் அதற்கு அந்தப் பேரை வைத்தார். பிறகு ஒருநாள் வேலையில் இருக்கும்போதே பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. குரலும் போய்விட்டது. ஊர்ப் பேரெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த மனுஷன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்க பூனை எங்க கீரைப் பாத்தியக் கக்கூசாக்கி வச்சிருக்கு. வந்து பாத்துட்டுப் போங்க."

"பூனைக்கு வேலி தெரியுமா வடிவு? கயத்தப் போட்டுக் கட்டி வைக்கச் சொல்லுதியா?"

"வளக்கத் தெரிஞ்சவங்களுக்கு அடைச்சு வைக்கவும் தெரியணும்லா."

"அடைச்சு வைக்க அது என்ன கோழியா?"

இப்படித்தான் மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டார்கள், பிறகு பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். வடிவு பாத்திகளின்மேல் கருவேல முள்ளைப் பரப்பினாள். பூனை முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே பாதம் வைத்து நடந்து வந்தது. அந்துருண்டையைக் கட்டித் தொங்கவிட்டாள். ஆரஞ்சுத் தோலைப் போட்டாள். மிளகாய்ப் பொடியைத் தூவி அவளே தும்மிக்கொண்டு கிடந்தாள். சொட்டு நீலம் கலந்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து வரிசையாக வைத்தால் பூனை பயப்படும் என்று யாரோ சொல்ல, அதையும் வைத்தாள். தாழை ஒரு பாட்டிலின்மேல் முதுகைச் சாய்த்து வெயில் காய்ந்தது.

மகள் உண்டானாள் என்று பூனாவிலிருந்து செய்தி வந்ததும் வடிவின் கோபம் வேறு ரூபம் எடுத்தது. தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குத்தான் வருவாள், வந்ததும் தன் கையால் வளர்த்த கீரையை அவளுக்குக் கடைந்து போட வேண்டும் என்று வடிவு கனாக் கண்டுகொண்டிருந்தபோது, பூனை கழிந்த மண் மாசமாக இருக்கிறவர்களுக்கு ஆகாது, வயிற்றிலுள்ள பிள்ளைக்கே கெடுதல் என்று மருத்துவமனை நர்ஸ் சொல்லிவிட்டாள். அது பொய்யில்லை. அதனால்தான் வடிவு செய்ததைத் தப்பு என்று சட்டென்று சொல்லிவிடவும் முடியவில்லை.

ஒரு மத்தியானம், தெரு முழுக்கச் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்து, குடிக்க வந்த தாழையைப் பிடித்துச் சாக்குப்பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, பஸ் ஏறி உட்கார்ந்தாள். ஆறு தாண்டி விட்டால் பூனை திரும்பாது என்பார்கள். தாமிரவருணிப் பாலம் வரும்வரை சாக்குக்குள் கத்திக்கொண்டும் பிராண்டிக்கொண்டும் வந்த பூனை, பாலத்தின்மேல் வண்டி ஏறியதும் அடங்கிற்று. அவள் மடிச் சூடு அதற்கு இதமாக இருந்திருக்க வேண்டும். சாக்குக்குள்ளேயே சுருண்டு படுத்து, குர்ர்ர் என்று சொல்ல ஆரம்பித்தது. அந்தச் சத்தம் சாக்கையும் சேலையையும் தாண்டி அவள் தொடைக்குள் இறங்கி எலும்பில் அதிர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரி, "என்னம்மா, கைக்கொழந்தையா?" என்று கேட்டாள். வடிவு சாக்கின்மேல் முந்தானையை இழுத்துவிட்டாள்.

அக்கரையில் மீன் சந்தைக்குப் பின்னால் சாக்கை அவிழ்த்தாள். பட்டினி கிடக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே வந்த தாழை ஓடவில்லை. கண்ணைச் சுருக்கி வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, அவள் காலில் முதுகைத் தேய்த்தது. வடிவு திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறினாள்.

மறுவாரமே பூனாவிலிருந்து போன் வந்தது. அங்கேயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். மகள் வரவில்லை. முளைத்து நின்ற கீரை ஆளில்லாமல் முற்றிப் பூத்தது.

ஞானப்பூ தினமும் பொழுது சாயும் நேரத்தில் கையில் தட்டை வைத்துக் கரண்டியால் தட்டிக்கொண்டு, "தாழே... ஏ தாழே..." என்று தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய் வந்தாள். சாக்கடை மூடிகளைத் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் பேச்சில்லாத வீட்டின் மதிலருகேயும் வந்து நின்றாள்.

"வடிவு, நீ கண்டியா அத?"

"நான் பாக்கலக்கா."

"அவிய சாப்பிட மாட்டேங்காவ. அது அவிய வலது கைமேலதான் படுத்துக் கெடக்கும். உணர்ச்சியில்லாத கை, ஆனா அது படுத்திருக்கும்போது மட்டும் வெரல் அசையும். டாக்டரே பாத்துட்டு ஆச்சரியப்பட்டாரு. இப்ப ரெண்டு வாரமா அசையவேயில்ல."

வடிவுக்கு இது தெரியாது. பேச்சு நின்றுபோனதில் இது எப்படித் தெரியும்?

"வந்தா சொல்லுதேன்க்கா," என்றாள்.

ஞானப்பூ போகிற வழியில் ஒருமுறை, பழக்கத்தில், "தாழே..." என்றாள். அப்போதுதான் கத்திரிச்செடி, மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து, மியாவ் என்றது.

ஒரு செடி கத்தியதும் பக்கத்துச் செடி கத்தியது, அந்த வாரம் முடிவதற்குள் கத்திரி வரிசை முழுக்கக் கத்தியது, பிறகு வெண்டைச் செடிகள் கண் திறக்காத குட்டிகள் மாதிரி மெல்லிய குரலில் ஆரம்பித்தன, கடைசியாகப் புடலைப் பந்தல், காற்றில்லாத நேரத்தில் தொங்குகிற காய்களையெல்லாம் லேசாக அசைத்துக்கொண்டு, குர்ர்ர் என்று பெரிய வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஓயாமல் சொல்ல ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றினால் சத்தம் கூடும். இலையைத் தடவிக்கொடுத்தால் இன்னும் கூடும். காயைக் கிள்ளினால் மட்டும் வெடுக்கென்று ஒரு கத்தல்.

தெரு இதைத் தன் போக்கில் ஏற்றுக்கொண்டது. பூனைக் குரலில் கத்துகிற கத்திரிக்காய் சைவமா அசைவமா என்று கோவில் மண்டபத்தில் கூடிப் பேசினார்கள். பறிக்கும்போதுதான் கத்துகிறது, குழம்பில் கொதிக்கும்போது கத்துவதில்லை, ஆகவே சைவம்தான் என்று முடிவாயிற்று; ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் வேண்டாம் என்று சிலர் ஒதுக்கினார்கள். வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவர் வந்து மண்ணைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போய், சாம்பல் சத்துக் குறைவு என்று எழுதி அனுப்பினார். டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். தங்கம் விலைக்கும் வானிலைக்கும் நடுவில் அது ஒருநாள் வந்து போயிற்று. எலிகள் தெருவைக் காலி செய்துவிட்டு நாலாம் தெருவுக்குப் போனதில் நாலாம் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். தூங்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் சாயங்காலமானால் புடலைப் பந்தலுக்கடியில் வந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் கண் செருகித் தூங்கின. "ஒங்க வீட்டுக்கு வந்தா மனசுக்கு நல்லா இருக்கு வடிவக்கா," என்று அவர்கள் சொல்லும்போது வடிவு அடுப்பைப் பார்க்க எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கு மட்டும் அந்தத் தோட்டத்துக் காயில் ஒரு வாய் இறங்கவில்லை. கத்திரிக்காயை அரிவாள்மனையில் வைத்தால் கை நின்றுவிடும். பந்தலுக்கடியில் போனால் தொடையில், சாக்கு இருந்த இடத்தில், அந்த அதிர்வு திரும்பவும் இறங்கும். கடையில் காய் வாங்கிச் சமைத்தாள். சொந்தத் தோட்டத்தை வைத்துக்கொண்டு கடையில் காய் வாங்குகிறவளைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார்.

ஞானப்பூ வந்தாள். இந்தமுறை தட்டு இல்லாமல், தானியேலைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தாள். நாற்காலியைப் பந்தலுக்கடியில் நிறுத்தி, அவருடைய வலது கையைத் தூக்கி, தாழத் தொங்கிய ஒரு காயின்மேல் வைத்தாள். பந்தல் முழுக்கக் குர்ர்ர் என்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய சுண்டு விரல் அசைந்தது, பிறகு மோதிர விரல். அவர் வாய் ஒருபக்கமாகக் கோணி, உள்ளிருந்து எதையோ இழுக்கிற மாதிரி இழுத்து, "தா," என்றார்.

ஞானப்பூ அழுதாள். வடிவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒன் கைராசிதான் வடிவு. நீ வச்ச செடிதான் எங்களுக்கு உயிரு குடுக்கு."

தெருவைச் சுற்றி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவது சிரமம் என்று தெருக்காரர்களே கடப்பாரை கொண்டுவந்து மதிலை இடித்து வழி பண்ணினார்கள். கோமதிநாயகம்தான் முதல் கல்லைப் பெயர்த்தார். வருஷக்கணக்காக எந்த மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று கத்தினார்களோ அந்த மதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், வடிவும் தட்டினாள்.

அன்று மத்தியானம் கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது அவளால் தாங்க முடியவில்லை. சாக்கு, பஸ், பாலம், மீன் சந்தை எல்லாவற்றையும் சொன்னாள். கோமதிநாயகம் பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"வாய மூடிக்கிட்டு இரு," என்றார் பிறகு. "இப்ப என்ன கெட்டுப்போச்சு? அண்ணாச்சிக்குப் பேச்சு வருது. நீ சொல்லி என்ன ஆகப்போவுது?"

அன்று சாயங்காலம் கத்திரிச்செடிகள் கத்தவில்லை. ஒன்றுகூடக் கத்தவில்லை. தண்ணீர் ஊற்றினாலும், தடவினாலும், காயைக் கிள்ளினாலும், மற்ற ஊர்க் கத்திரிச்செடிகளைப் போல் சும்மா நின்றன. கத்திரிப் பருவம் முடிஞ்சிருக்கும் என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். வடிவு செடியின் முன்னால் உட்கார்ந்து, தான் என்ன சொன்னோம், எதை இழந்தோம் என்று யோசித்தாள்.

பூனையைக் கொண்டுவந்து விட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த நாளே ஆற்றைத் தாண்டிப் போனாள். சந்தையில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து சாளை விற்றுக்கொண்டிருந்த செல்லக்கிளி என்கிறவளிடம், வரிப்பூனை, ஒரு முன்னங்கால் வெள்ளை என்று அடையாளம் சொன்னாள்.

"அதுவா? இங்கதான் கெடந்துச்சு," என்றாள் செல்லக்கிளி. "மீன் குடுத்தா திங்கும், ஆனா இங்க ஒட்டல. பஸ் வந்து நிக்குற சத்தம் கேட்டாப் போதும், ஓடும். எறங்குறவங்க காலையெல்லாம் ஒவ்வொண்ணா மோந்து பாக்கும். யாரையோ தேடுதுன்னு நாங்க சொல்லிக்கிடுவோம். ஒருநாள் அப்படி ஓடும்போது ஐஸ் வண்டிக்காரன் பின்னால எடுத்துட்டான். நான்தான் அந்த வேப்பமரத்து மூட்டுல பொதச்சேன்." வடிவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒன் பூனையாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல. நான்தான் கொண்டாந்து விட்டவ."

செல்லக்கிளி குனிந்து தராசைக் கழுவினாள்.

வடிவு வீடு திரும்பியபோது வெண்டைச் செடிகளின் சத்தம் அடங்கிவிட்டிருந்தது.

இனிப் புடலைப் பந்தல் மட்டும்தான் மிச்சம். அதற்கடியில் தானியேல் தினமும் வந்து உட்கார்ந்தார். "தா" என்பது "தாழ" ஆயிற்று. ஒருநாள் யாரும் எதிர்பாராமல் "கங்கைகொண்டான்" என்று ஒரு முழு ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டு, தானே மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பந்தலுக்கடியில் பிள்ளைகளோடு இருந்த பெண்கள் கைகொட்டினார்கள். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பப் பெறப் பெற, வடிவு ஒவ்வொரு பேச்சாக விட்டுக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தால் அது வந்துவிடும், அது வந்தால் பந்தல் நின்றுவிடும் என்ற பயத்தில் கடைக்காரரிடம்கூடக் கையைக் காட்டித்தான் காய் வாங்கினாள். "கார்த்திகை மழை முடிஞ்சா கொடி தானாக் காஞ்சிரும்," என்றார் கோமதிநாயகம். "அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. அதோட எல்லாம் முடிஞ்சுது." அவளும் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மழை விட்டுப் பந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தபோது, தானியேலைப் பந்தலடியில் விட்டுவிட்டு ஞானப்பூ வடிவின் எதிரே வந்து நின்றாள். கையில் ஒன்றுமில்லை. அடிக்கடி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நாளைக்குச் சர்ச்சுல ராப்போஜனம், வடிவு. மனசுல கசப்ப வச்சுக்கிட்டு அந்த அப்பத்தையும் ரசத்தையும் எடுக்கக் கூடாதும்பாவ. நான் ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னக்கா?"

"தாழை காணாமப் போனப்ப, நீதான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சேன். ராத்திரியும் பகலும் ஒன்னச் சபிச்சேன். ஒனக்கு நல்லது நடக்கக் கூடாதுன்னு முழங்கால் போட்டு வேண்டுனேன். ஒன் மக பிரசவத்துக்கு வரலன்னு கேட்டப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அவ்வளவு பாவி நான். நீ என்னடான்னா இவியளுக்கு உயிரு குடுத்துட்டே. என்ன மன்னிச்சிரு, வடிவு."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வடிவு அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள். கணவன் சொன்னது ஞாபகம் இருந்தது, பந்தலும் மேலே குர்ர்ர் என்று சொல்லிக்கொண்டிருந்தது, தானியேலின் விரல்கள் காயின்மேல் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் அவள் வாயைத் திறந்தாள்.

"நீங்க நெனச்சது சரிதான்க்கா."

பால் கிண்ணத்திலிருந்து வேப்பமரத்து மூடு வரைக்கும் சொன்னாள். அவள் சொல்லச் சொல்லப் பந்தலின் சத்தம், குழாயில் தண்ணீர் குறைவது மாதிரி, மெலிந்து இழையாகி அறுந்துபோயிற்று. கடைசிச் சொல்லைச் சொல்லும்போது மழை சொட்டுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது. தானியேல் அண்ணாந்து பார்த்தார். காயைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின.

ஞானப்பூ போய் அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பிறகு, கத்தாமல், கேட்டாள்.

"இத ஏன் எங்கிட்ட சொன்னே?"

"மனசுல வச்சுக்கிட முடியலக்கா."

"வச்சுக்கிட்டு இருந்திருக்கணும். செத்து மண்ணுக்குள்ள போற வரைக்கும் வச்சுக்கிட்டு இருந்திருக்கணும். ஒன் பாரம் எறங்கிட்டு. இவியளுக்கு என்ன மிச்சம் வச்சே? பூனையையும் எடுத்துக்கிட்டே, இப்ப இதையும் எடுத்துக்கிட்டே."

நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள். மறுநாள் அவள் ராப்போஜனம் எடுக்கவில்லை என்று தெருவில் சொன்னார்கள். இடிந்த மதிலின் இடைவெளியில் ஒரு தகரத்தை நிறுத்திக் கம்பியால் கட்டிவிட்டாள்.

தெருவுக்கு வடிவின்மேல் கோபம் வந்தது. பூனையைக் கொண்டுபோய் விட்டதற்காக அல்ல. அதை யார்தான் செய்யவில்லை, அவரவர் வீட்டில் தொந்தரவு கொடுத்த பூனைகள் எல்லாம் சாக்கில் ஏறி ஆற்றைத் தாண்டியவைதான். அவள் சொல்லித் தொலைத்ததற்காகக் கோபப்பட்டார்கள். பிள்ளைகள் மறுபடி தூங்காமல் அழுதன, எலிகள் நாலாம் தெருவிலிருந்து திரும்பி வந்தன, சத்தம் போடாத காயில் ருசியே இல்லை என்று வாங்கித் தின்றவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

தானியேல் சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கஞ்சி உதட்டோரமாக வழிந்துவிடுகிறது, சொன்ன ஊர்ப் பேரெல்லாம் மறுபடி போய்விட்டது என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். வடிவு வீட்டிலிருந்து ஏதாவது கொடுத்தனுப்பினால் அது தகரத்தடியில் அப்படியே இருந்தது. வேறு பூனைக்குட்டி ஒன்றைக் கோமதிநாயகம் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தார். ஞானப்பூ கதவைத் திறக்கவில்லை. குட்டியைப் பால்காரர் வாங்கிக்கொண்டு போனார்.

குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், தெரு முழுக்கக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தபோது, வடிவு கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுப் படி இறங்கி, ஞானப்பூ வீட்டு வாசல் ஏறி, தானியேல் படுத்திருக்கிற அறையின் ஜன்னலுக்கு வெளியே வெறும் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு, மியாவ் என்றாள்.

குரல் உடைந்து வந்தது. குழாயடியில் யாரோ சிரித்தார்கள், வேறு யாரோ அவர்களை அதட்டினார்கள், ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. பூனாவில் பேரப்பிள்ளை பிறந்திருக்கிற ஒரு பெண், ஊரில் மரியாதையான மனுஷரின் மனைவி, அடுத்த வீட்டு ஜன்னலுக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூனை மாதிரிக் கத்துவதை அவர்கள் பார்த்தார்கள். அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது. மறுபடி கத்தினாள். இருட்டும் வரை கத்திவிட்டு எழுந்து போனாள். மறுநாளும் வந்தாள்.

தெரு இதையும் ஏற்றுக்கொண்டது. முதலில் சின்னப் பிள்ளைகள் வந்து நின்று பார்த்தார்கள், பிறகு அவர்களுக்கும் அலுத்துப்போயிற்று. வடிவக்கா கத்தப் போயிட்டாவளா, அப்பச் சரி, விளக்கப் பொருத்து என்று வீடுகளில் சொல்லிக்கொண்டார்கள். கோமதிநாயகம் வேலையிலிருந்து திரும்பினால் தானே காப்பி போட்டுக் குடித்தார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்து, பனியில் அவள் இருமிக்கொண்டே கத்திய ஒருநாள், உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது, ஆள் இல்லை. வடிவு உள்ளே போனாள். கட்டிலருகே ஒரு முக்காலி போட்டிருந்தது. ஞானப்பூ அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்க்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் சொல்லவில்லை. வடிவும் அதைக் கேட்கவில்லை.

தானியேல் எலும்பாகக் கிடந்தார். வடிவு முக்காலியில் உட்கார்ந்து, அவருடைய உணர்ச்சியற்ற வலது கைக்கு அடியில் தன் கையை நுழைத்து வைத்துக்கொண்டு, இத்தனை பக்கத்தில் முகத்தைப் பார்த்துக்கொண்டு கத்துவதற்குக் கூச்சப்பட்டு, கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். கரகரவென்று, அவசரமாக, தொண்டை கட்டிய சேவல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

கட்டிலில் ஏதோ அதிர்ந்தது. அவருக்கு மூச்சுத் திணறுகிறதோ என்று வடிவு பதறிக் கண்ணைத் திறந்தாள். அடுக்களையிலிருந்து ஞானப்பூ கரண்டியோடு ஓடிவந்தாள். தானியேலின் வாய் கோணிக்கொண்டு போயிருந்தது, தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வடிவு கத்திய லட்சணத்துக்கு அடக்க மாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பெண்களும் அவர் சிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஞானப்பூ, வடிவின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அது இப்படிக் கத்தாது. கடைசில ஒரு இழுப்பு இழுக்கும்."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, இழுத்துக் கத்தினாள்.

"இன்னுங் கொஞ்சம்," என்றாள் ஞானப்பூ.